கல்லூரி முதலாண்டு

கல்லூரி முதலாண்டு என்பது பள்ளிப் படிப்பை முடித்த ஒருவர் கல்லூரியில் சேர்ந்து, அதன் பாடமுறைக்கும் பயிற்றுமொழிக்கும் உறைவிடத்துக்கும் மாணவர் கூட்டத்துக்கும் பழகிக்கொள்ளும் முதல் ஓராண்டுக் காலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டில் இந்நிலையில் உள்ள மாணவர்கள் பெரும்பாலும் 17 அல்லது 18 வயதினர் ஆவர். இவர்களைப் புதுமுக மாணவர் என்றும் பேச்சுவழக்கில் பர்ஸ்ட் இயர் என்றும் அழைப்பர்.

புதிய சூழலுக்குப் பழகுவது மாணவரின் மனத்திடத்தைப் பொறுத்தது என்ற கருத்து பரவலாக உள்ளது. ஆயினும் கல்லூரிகளின் வரலாற்றைப் பார்க்கும்போது, ஒருவர் முதலாண்டில் நிலைப்பதும் இடையில் நிற்பதும் நான்கு புறக்காரணங்களைச் சார்ந்திருந்தது தெரிகிறது. அவை உணவு, தங்குமிடம், பாடம் நடத்தப்படும் மொழி, மூத்த மாணவரிடமிருந்து கிடைக்கும் பாதுகாப்பு என்பனவாகும். கல்வி நிலையங்களை நிறுவியோர் இவற்றை மாணவரின் பொறுப்பில் விட்டுவிடாமல் விதிகளாக எழுதிவைத்துள்ளனர். தமிழில் கிடைக்கும் அத்தகைய விதிகளுள் மிகப் பழைய ஒன்று, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் சிதறால் மலைக்கு அண்மையில் உள்ள பார்த்திவபுரத்தைச் சேர்ந்தது. ஆகவே இக்கட்டுரை அவ்வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு தொடங்குகிறது.

சிதறால் மலை

சிதறால், மார்த்தாண்டத்திலிருந்து சுமார் 7 கி.மீ. தொலைவில் உள்ள சிற்றூர். இதன் குன்று கல்வெட்டுகளில் திருச்சாரணத்துமலை எனக் குறிக்கப்படுகிறது. சாரணர் என்போர் வான்வழியே செல்லும் ஆற்றல் பெற்றவராகக் கருதப்பட்ட சமணத் துறவியர். குன்றின் உச்சியில் இயற்கையாக அமைந்த பெரும்பாறையின் அடியில் குடைவரையும், பாறை முகப்பில் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்களும் உள்ளன. பிற்காலத்தில் இது பகவதி கோயிலாக மாறியது. இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் சிற்பங்களையும் மலைக்காட்சியையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். கல்வி வரலாற்றைப் பொறுத்தவரை இம்மலையின் சிறப்பு அதன் கல்வெட்டுகளில் உள்ளது. ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று, பேராயிற்குடி அரிட்டநேமி படாரரின் மாணாக்கியான குணந்தாங்கி குரத்தியார் இங்குள்ள பெண் தெய்வத்துக்குப் பொன்னணி வழங்கியதைக் கூறுகிறது. குரத்தி என்பது குரவன் என்பதன் பெண்பால்; ஆசிரியை எனப் பொருள்படும். திருச்சாரணத்தைச் சேர்ந்த குரத்தியர் பாண்டிய நாட்டுக் கழுகுமலைக் கல்வெட்டுகளிலும் இடம்பெறுகின்றனர். ஒரு பெண் ஓர் ஆசிரியரின் மாணவியாகவும் தானே ஆசிரியையாகவும் பெயர் பொறிக்கப்பட்டிருப்பது, 9, 10ஆம் நூற்றாண்டுகளை நோக்க அரிய செய்தியாகும்.

சமணப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்தவருக்குத் தன் ஆசிரியரின் பெயரே அடையாளம். கல்வெட்டுகளில் இன்னாருடைய மாணாக்கர் என்றே அவர்கள் அறியப்படுகின்றனர். பள்ளி என்ற சொல்லே சமண, பௌத்தத் துறவியரின் உறைவிடத்தைக் குறித்துப் பின்னர் கல்விக்கூடத்துக்கு ஆகிவந்தது என்பர். தங்குமிடமும் கல்விக்கூடமும் ஒன்றாக இருந்த நிலையை இச்சொல் இன்றும் சுமந்து நிற்கிறது.

பார்த்திவசேகரபுரம் சாலை

சிதறாலுக்குத் தென்மேற்கே, முஞ்சிறையை ஒட்டி அமைந்துள்ள பார்த்திவபுரத்தில் ஒரு திருமால் கோயில் உள்ளது. விக்கிரமாதித்திய வரகுணனுக்கு முன் ஆண்ட ஆய் மன்னன் கருநந்தடக்கன் இதைக் கட்டினான். முஞ்சிறைச் சபையாரிடமிருந்து, மாற்று நிலம் கொடுத்து இந்நிலத்தைப் பெற்று, கோயில் எழுப்பி, பார்த்திவசேகரபுரம் எனப் பெயரிட்டு, அதனுடன் ஒரு சாலையையும் நிறுவினான். இங்கு சாலை என்பது வழியைக் குறிக்கவில்லை. மாணவர்க்கு உணவும் உறைவிடமும் அளித்துக் கல்வி கற்பித்த நிறுவனத்தைக் குறிக்கிறது. இது கி.பி. 866இல் நிகழ்ந்தது. இதற்கான செப்பேடு திருவிதாங்கூர் அரசின் ஹுசூர் அலுவலகத்தில் இருந்ததால் ஹுசூர் அலுவலகச் செப்பேடு எனப்படுகிறது. கோபிநாத ராவ் இதைத் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையின் முதல் தொகுதியில் பதிப்பித்தார்.

சாலையில் 95 இடங்கள் இருந்தன. மாணவர் சட்டர் எனப்பட்டனர். இச்சொல் மாணவரைக் குறிக்கும் சாத்திரர் என்ற வடசொல்லின் வழிவந்ததாகக் கருதப்படுகிறது. இடங்கள் வேதப் பிரிவுகளுக்கு ஏற்பப் பங்கிடப்பட்டன: பவிழியருக்கு 45, தைத்திரீயருக்கு 36, தலவகாரருக்கு 14. இவை முறையே இருக்கு, யசுர், சாம வேதங்களைச் சேர்ந்த பிரிவுகள். ஒரு பிரிவினர் மற்றொரு பிரிவினரின் இடத்தை எடுத்துக்கொள்ளாதவாறு எண்ணிக்கை செப்பேட்டிலேயே வரையறுக்கப்பட்டது.

சேர்க்கைக்கும் நிபந்தனை உண்டு. வருபவர் இலக்கணத்திலும் மீமாம்சையிலும் புரோகிதத்திலும் தேர்ச்சி உடையவராகவும், மூன்று அரசுகளின் நடைமுறைகளுக்கு வேண்டிய அறிவு பெற்றவராகவும் இருத்தல் வேண்டும். மூன்று அரசுகள் என்பன சேர, சோழ, பாண்டிய நாடுகள். எல்லை நாடான ஆய் நாட்டில் இந்நிபந்தனைக்குத் தனிப்பொருள் உண்டு. இங்குப் பயின்று வெளிவருபவர் எந்த அரசவையிலும் பணியாற்றக் கூடியவராக இருக்கவேண்டும் என எதிர்பார்க்கப்பட்டதை இது காட்டுகிறது. ஆக, சாலையில் புதிதாக நுழைந்தவர் எழுத்தறியத் தொடங்கும் சிறுவர் அல்லர். முன்பே ஓரளவு கற்றுத் தெளிந்த இளைஞர். இன்றைய கல்லூரிப் புதுமுக மாணவருடன் அவரை ஒப்பிடுவதற்கு இதுவே அடிப்படை.

செப்பேட்டின் சுவையான பகுதி நடத்தை விதிகளாகும். சட்டர் ஒருவரையொருவர் இழித்துப் பேசக்கூடாது; பேசினால் தண்டம் செலுத்தவேண்டும். அடித்துக் காயப்படுத்துவது அதைவிடப் பெரிய குற்றம். கூட்டத்துக்கு ஆயுதம் கொண்டு வரக்கூடாது. சாலையில் சூதாடக்கூடாது. தங்கும் மடத்தில் பணிப்பெண்களை வைத்துக்கொள்ளக்கூடாது. தண்டனைகளுள் சாலையில் உண்ணும் உரிமையை நிறுத்திவைப்பதும் ஒன்று.

நடக்காத ஒன்றை எவரும் செப்பேட்டில் எழுதித் தடை செய்வதில்லை. ஆயுதம் கொண்டு வரக்கூடாது என்ற விதி, 95 இளைஞர்கள் ஒரே மடத்தில் தங்கியபோது வாய்ச்சண்டை கைகலப்பாகவும், கைகலப்பு அதற்கு மேலும் சென்றதை உணர்த்துகிறது. சாலை மாணவர்கள் படைக்கலப் பயிற்சியும் பெற்றனர் என்பது சில வரலாற்றாய்வாளர்களின் கருத்து. அதை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், நிறுவியவர் பாடத்தைப் பற்றி எழுதியதைவிட மாணவர் ஒருவருக்கொருவர் நடந்துகொள்ளும் முறையைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார் என்பது கவனிக்கத்தக்கது. உணவை நிறுத்துவது தண்டனையாக அமைந்ததிலிருந்து, அங்கு உணவே மாணவரின் முதன்மையான உரிமையாக இருந்ததும் விளங்கும்.

இவ்விதிகள் புதியவை அல்ல. பார்த்திவசேகரபுரம் சாலை காந்தளூர்ச் சாலையின் ஒழுங்கைப் பின்பற்றி அமைக்கப்பட்டதாகச் செப்பேடே கூறுகிறது. காந்தளூர், இன்றைய திருவனந்தபுரத்தில் வலியசாலை என்னும் பகுதியாக அடையாளம் காணப்படுகிறது. முதலாம் இராசராச சோழனின் மெய்க்கீர்த்தியில் முதலில் இடம்பெறும் வெற்றி இக்காந்தளூர்ச் சாலையில் கலமறுத்ததாகும். கலம் என்பது மரக்கலமா, உண்கலமா, வழக்கா என்ற விவாதம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடந்து வருகிறது. உண்கலம் எனக் கொள்வோர், மாணவருக்கு அளிக்கப்பட்டு வந்த உணவு உரிமை நிறுத்தப்பட்டதையே அது குறிக்கும் என்பர்.

சாலைக் கல்வி ஒருசிலருக்கே உரியதாக இருந்தது. 95 இடங்களும் வேதம் ஓதும் அந்தணருக்கானவை. அந்நிலத்தை உழுதவரின் பிள்ளைகள் அங்கு மாணவராகச் சேர்ந்திருக்க முடியாது. இதை விட்டுவிட்டு, பழங்காலத்தில் உணவும் உறைவிடமும் கட்டணமின்றிக் கிடைத்தன என்று மட்டும் கூறுவது முழு உண்மை ஆகாது.

சோழர் காலக் கல்லூரிகள்

இதே அமைப்பைப் பிற்காலச் சோழர் பெரிதாக்கினர். முதலாம் இராசேந்திரன் காலத்தில் எண்ணாயிரத்தில் (இன்றைய விழுப்புரம் மாவட்டம்) 340 மாணவர் பயின்றனர். அவர்களுள் 270 பேர் இளநிலையினர், 70 பேர் முதுநிலையினர். நாள்தோறும் வழங்கப்பட்ட நெல்லின் அளவும் இரு பிரிவினருக்கும் வேறுபட்டது. முதுநிலையினர் கூடுதலாகப் பெற்றனர். பாலாற்றங்கரைத் திருமுக்கூடலில் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு 60 மாணவருக்கான விடுதியையும் அதனுடன் இணைந்த மருத்துவமனையையும் குறிப்பிடுகிறது. மாணவர் படுக்கப் பாய், இரவில் விளக்கெரிக்க எண்ணெய், சனிக்கிழமை தலைமுழுக எண்ணெய் ஆகியவற்றுக்கும் தனித்தனியே ஒதுக்கீடு இருந்தது. விடுதியில் தங்கிப் படித்தவர்கள் இப்பட்டியலின் அருமையை எளிதில் உணர்வர்.

தற்காலக் கல்லூரியின் தோற்றம்

தென் திருவிதாங்கூரில் சாலைகள் மறைந்து பல நூற்றாண்டுகள் கழிந்தபின், சாதி வேறுபாடின்றி மாணவரைச் சேர்த்த கல்வி நிலையங்கள் இலண்டன் மிசனின் முயற்சியால் தோன்றின. ரிங்கல்தௌபே 1809இல் மயிலாடியில் தொடங்கிய பள்ளி பின்னர் நாகர்கோவிலுக்கு மாற்றப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 1893இல் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி உருவானது. நாட்டு விடுதலைக்குப் பின் கல்லூரிகள் விரைவாகப் பெருகின. சிதறால் பகுதி மாணவருக்கு அண்மையில் உள்ள மார்த்தாண்டம் நேசமணி நினைவுக் கிறித்தவக் கல்லூரி 1964இல் தொடங்கப்பட்டது. நாகர்கோவில் திருச்சிலுவைக் கல்லூரி (1965), மகளிர் கிறித்தவக் கல்லூரி (1973) ஆகியவை பெண்களுக்கானவை.

கல்லூரிகள் அதே இடத்தில் இருந்தாலும் பல்கலைக்கழகம் மாறிக்கொண்டே வந்தது இம்மாவட்டத்தின் தனித்தன்மை. தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகம், 1937க்குப் பின் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம், 1956 நவம்பர் 1 அன்று மாவட்டம் தமிழ்நாட்டுடன் இணைந்தபின் மீண்டும் சென்னை, 1966 முதல் மதுரை, 1990 முதல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் என்று இணைப்பு மாறியது. ஒரே குடும்பத்தில் பாட்டனார், தந்தை, மகள் மூவரும் ஒரே கட்டடத்தில் படித்து மூன்று பல்கலைக்கழகங்களின் பட்டம் பெற்றிருக்கக்கூடும்.

புதுமுக மாணவரின் வயதும் ஒரே நிலையில் இருக்கவில்லை. 1978இல் பள்ளிகளில் மேல்நிலைக் கல்வி (பிளஸ் டூ) தொடங்கும்வரை, 11 ஆண்டுப் பள்ளிப் படிப்பை முடித்தவர் கல்லூரியில் ஓராண்டுப் புகுமுக வகுப்பில் சேர்ந்தனர். பி.யூ.சி. எனப்பட்ட இவ்வகுப்பு, பெயருக்கேற்பப் பட்டப்படிப்புக்குள் புகும் வாயிலாக இருந்தது. மாணவர் பட்டப்படிப்பின் சுமை ஏறும் முன்பே ஓராண்டு கல்லூரிச் சூழலில் பழகிவிடுவர். ஆனால் 15, 16 வயதில் பயிற்றுமொழி மாற்றத்தைச் சந்தித்துத் தேர்ச்சி பெறாமல் படிப்பை விட்டவர்கள் பலர். மேல்நிலைக் கல்வி வந்தபின் அவ்வடிகட்டும் வேலை பள்ளிக்கு மாறியது. பழகுவதற்கான அந்த ஓராண்டும் கல்லூரியில் இல்லாமற் போயிற்று. இன்று முதலாண்டு மதிப்பெண்களும் பட்டத்தின் கணக்கில் சேர்கின்றன.

பயிற்றுமொழி

கன்னியாகுமரி 2011ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே கூடிய எழுத்தறிவு (91.75 விழுக்காடு) பெற்ற மாவட்டமாகும். மேற்கு வட்டங்களில் மலையாளம் தாய்மொழியானவர்களும் உள்ளனர். திருவனந்தபுரம் அண்மையில் இருப்பதால் அங்கு சென்று படிப்போரும் உளர். ஆயினும் தமிழ் வழியில் படித்த மாணவருக்கு முதலாண்டின் பெரிய தடை, தமிழ்நாட்டின் ஏனைய மாவட்டங்களைப் போலவே, ஆங்கில வழிப் பாடமாகும்.

இத்தடை எங்கு இருக்கிறது என்பது பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. ஆங்கிலத்தில் பேசத் தெரியாமையைவிட, தெரிந்த பொருளின் பெயர் ஒரே நாளில் மாறிவிடுவதே முதல் மாதங்களில் இடர் தருகிறது. மேல்நிலை இயற்பியலில் முடுக்கம் பற்றி நன்கு கற்ற ஒருவருக்கு ஆக்சிலரேசன் என்ற சொல் வகுப்பில் கேட்கும்போது, அது தான் கற்ற அதே பொருள் என்பது உடனே தோன்றுவதில்லை. வகையீடு டிஃபரன்சியேசன் ஆகிறது, தொகையீடு இன்டெக்ரேசன், அணி மேட்ரிக்ஸ், இயக்க ஆற்றல் கைனடிக் எனர்ஜி. கணக்கு மாறவில்லை, பெயர்ப்பலகை மாறியுள்ளது. இப்பாடங்களில் பெயர்கள் பெருந்தொகையானவை அல்ல; ஒரு பாடத்துக்குச் சில நூறு சொற்களே அடிக்கடி வருகின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்களின் தமிழ் வழி, ஆங்கில வழிப் பதிப்புகள் ஒரே அமைப்பைக் கொண்டவை. ஆகவே ஒரே பாடத்தின் இரு பதிப்புகளையும் பக்கம் பக்கமாக வைத்துச் சொற்களை இணைத்துக்கொள்வது, தனியே ஆங்கில இலக்கணம் படிப்பதைவிட விரைவில் பயன் தருகிறது. பள்ளி முடிந்ததும் பழைய பாடநூல்களை எடைக்குப் போடும் வழக்கம் இவ்வகையில் இழப்பாகும்.

இத்தடைக்கு மாணவரிடையே உள்ள வழக்கமான மாற்று மனப்பாடம். ஆசிரியர் சொல்ல எழுதிய குறிப்பைப் பொருள் அறியாமல் ஒப்பிப்பது முதல் பருவத்தில் தேர்ச்சிக்கு உதவக்கூடும். ஒரு பாடத்தின் மேல் அடுத்த பாடம் அமையும் கணிதம், இயற்பியல், நிரலாக்கம் போன்றவற்றில் மூன்றாம் பருவத்தைத் தாண்டுவதில்லை. வகுப்பில் கேள்வி கேட்கத் தயங்குவதற்கும் மொழியே காரணமாகிறது. கேள்வியைத் தமிழில் கேட்டுப் பதிலைத் தமிழில் பெற்று, விடையை மட்டும் ஆங்கிலத்தில் எழுதும் வழக்கம் பல கல்லூரிகளில் ஆசிரியரின் இசைவுடன் நிலவுகிறது.

அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலிலும் இயந்திரப் பொறியியலிலும் தமிழ் வழிப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. கலை, அறிவியல் கல்லூரிகளில் தமிழ் வழி வகுப்புகள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இருந்தன.

பாடமுறை

பள்ளியில் ஒரு பாடத்துக்கு ஒரு நூல். கேள்வி அதன் உள்ளிருந்தே வரும். கல்லூரியில் பாடத்திட்டம் ஒரு பக்க அளவிலான தலைப்புப் பட்டியலாகத் தரப்படுகிறது. அதற்கான செய்திகளை மூன்று, நான்கு நூல்களிலிருந்து மாணவரே திரட்டவேண்டும். இவ்வேறுபாட்டை எவரும் எடுத்துச் சொல்லாததால் முதல் பருவம் முழுவதும் பாடநூல் எப்போது கிடைக்கும் எனக் காத்திருக்கும் மாணவர்களும் உள்ளனர்.

ஆண்டு இரு பருவங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. மதிப்பெண் அகமதிப்பீடு, புறமதிப்பீடு என இருவகைப்படும். தேர்ச்சி பெறாத பாடம் அரியர் எனப்படும். அதை அடுத்து வரும் தேர்வுகளில் எழுதித் தேறலாம். பள்ளியில் தோல்வி என்பது ஆண்டு இழப்பு. கல்லூரியில் ஒரு பாடத்தின் தோல்வி அவ்வாறு அன்று. இது தெரியாத பெற்றோர் முதல் பருவ முடிவைக் கண்டு படிப்பையே நிறுத்த எண்ணுவதுண்டு. பொறியியல் மாணவரிடையே எம்-ஒன்று எனப்படும் முதல் பருவக் கணிதம் இவ்வகையில் பெயர் பெற்றது. அதில் அரியர் வைத்துப் பின்னர் நல்ல பொறியாளரானவர்கள் ஒவ்வொரு மென்பொருள் நிறுவனத்திலும் உள்ளனர். ஆனால் அரியரை ஒத்திப்போடுவதும் கூடாது. பருவங்கள் கடந்தபின் அப்பாடத்தை நடத்திய ஆசிரியரோ சேர்ந்து படிக்கும் நண்பரோ கிடைப்பதில்லை. பாடத்திட்டம் மாறிவிடவும் கூடும்.

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2017இல் பொறியியல் மாணவருக்கு மூன்று வார அறிமுக நிகழ்ச்சியை வகுத்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் தீட்சாரம்ப் என்னும் பெயரில் இதுபோன்ற வழிகாட்டலைப் பிற கல்லூரிகளுக்கும் வெளியிட்டது. சில கல்லூரிகளில் இது முதல் நாள் வரவேற்பு உரைகளுடன் முடிந்துவிடுகிறது.

உணவும் தங்குமிடமும்

குமரி மாவட்டத்தில் ஊர்கள் நெருங்கி அமைந்துள்ளதால் மாணவர் பலர் வீட்டிலிருந்தே பேருந்தில் சென்று வருகின்றனர். சிதறாலிலிருந்து மார்த்தாண்டம் சென்று, அங்கிருந்து வேறு பேருந்தில் நாகர்கோவில் செல்லும் மாணவருக்கு நாளின் பெரும்பகுதி பயணத்தில் கழியும். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கப்பட்டது மாணவியருக்கு நேரடியாக உதவியது.

வெளியூரில் படிப்போருக்கு உணவே முதல் கவலை. பள்ளியில் மதிய உணவு பெற்ற மாணவருக்குக் கல்லூரியில் அது கிடைப்பதில்லை. ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் நலத் துறைகளின் கல்லூரி மாணவர் விடுதிகளில் உணவும் இடமும் கட்டணமின்றித் தரப்படுகின்றன. ஆனால் இடங்களுக்கு வரையறை உண்டு, விண்ணப்பம் குறித்த காலத்துக்குள் செய்யப்படவேண்டும். கல்லூரிச் சேர்க்கை முடிந்தபின்னரே இதைப் பற்றி அறியும் மாணவர்கள் இடம் கிடைக்காமல் உறவினர் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்க நேர்கிறது. உறவினர் வீட்டில் தங்கிப் படிப்பது செலவு குறைந்ததாகத் தோன்றினாலும் அதற்கென ஒரு விலை உண்டு. எழுத்தாளர் ஜெயமோகனின் அறம் தொகுப்பில் உள்ள சோற்றுக்கணக்கு என்ற சிறுகதை, குமரிப் பகுதியிலிருந்து திருவனந்தபுரம் சென்று மாமன் வீட்டில் தங்கிப் படிக்கும் ஏழை மாணவர் ஒருவரின் பசியையும், கணக்குக் கேட்காமல் சோறிட்ட கெத்தேல் சாகிப்பின் உணவகத்தையும் பற்றியது. அவ்வுணவகம் அமைந்திருந்த சாலைக் கடைத்தெரு, பழைய காந்தளூர்ச் சாலைப் பகுதியாகக் கருதப்படும் வலியசாலைக்கு அண்மையில் உள்ளது.

பகடிவதை

மூத்த மாணவர் புதுமுக மாணவரைப் பழக்கப்படுத்துதல் என்னும் பெயரில் இழிவுபடுத்துவது ராகிங் அல்லது பகடிவதை எனப்படும். இலங்கையில் பகிடிவதை என்பர். பெயர் கேட்பது, பாடச் சொல்வது என விளையாட்டாகத் தொடங்குவதால் அது எந்த இடத்தில் குற்றமாகிறது என்பதைப் புதியவர் உணர்வதில்லை. மறுத்தால் தனிமைப்படுத்தப்படுவோம் என்ற அச்சமும், ஓராண்டு பொறுத்துக்கொண்டால் போதும் என்ற அறிவுரையும் இதற்குத் துணைபோகின்றன.

1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்தில் இராசா முத்தையா மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்டார். இவர் அப்போதைய சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பொன்னுசாமியின் மகன். மூத்த மாணவர் ஒருவர் கைதானார். இதையடுத்துத் தமிழ்நாடு அரசு முதலில் அவசரச் சட்டமும், பின்னர் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் 1997ஐயும் இயற்றியது. கேள்வி கேட்கத் துணைவேந்தரைத் தந்தையாகக் கொண்ட மாணவருக்கே இது நேர்ந்தது என்பதால் அன்று தமிழ்நாட்டில் பிள்ளைகளை விடுதியில் சேர்த்திருந்த எல்லாக் குடும்பங்களிலும் அச்சம் பரவியது. வழக்கு நெடுங்காலம் நடந்தது. 1998இல் கடலூர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 2001இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவ்விடுதலையை நீக்கித் தண்டனையை மீண்டும் உறுதிசெய்தது.

1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பகடிவதையில் ஈடுபடுவோருக்கு இரண்டாண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கலாம். தண்டனை பெற்றவர் கல்லூரியிலிருந்து நீக்கப்படுவார். வேறு கல்லூரியில் சேரவும் இயலாது. கேரளம் இத்தகைய சட்டத்தை 1998இல் இயற்றியது. ஆகவே எல்லை கடந்து படிக்கும் குமரி மாணவருக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. இலங்கையில் 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர் செ. வரப்பிரகாஷ் பகிடிவதையின் விளைவாக உயிரிழந்தபின், 1998இல் தனிச்சட்டம் நிறைவேற்றப்பட்டது. மூன்று இடங்களிலும் ஓரிரு ஆண்டு இடைவெளியில் சட்டம் வந்துள்ளது.

2009 மார்ச்சில் இமாசலப் பிரதேச மருத்துவ மாணவர் அமன் கச்ரூ இறந்தபின், பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுமைக்கும் ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. இதன்படி மாணவரும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் அளிக்கவேண்டும். புதுமுக மாணவருக்கு விடுதியில் தனிப்பகுதி அமைக்கப்படவேண்டும். கல்லூரி பகடிவதைத் தடுப்புக் குழுவும் கண்காணிப்புப் படையும் அமைக்கவேண்டும். 1800-180-5522 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் முறையிடலாம். பாதிக்கப்பட்டவரே முறையிடவேண்டும் என்பதில்லை, கண்டவரும் முறையிடலாம். முறையீடு வந்தும் நடவடிக்கை எடுக்காத கல்லூரித் தலைமை பொறுப்பேற்க நேரும் என்பது இச்சட்டங்களின் முக்கியக் கூறு.

866ஆம் ஆண்டுச் செப்பேட்டுடன் இவற்றை ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு புலப்படும். செப்பேடு இழிசொல்லையே தண்டத்துக்குரிய முதல் குற்றமாக வைக்கிறது. இன்றைய நடைமுறையில் இழிசொல் பெரும்பாலும் கண்டுகொள்ளப்படுவதில்லை. காயம் ஏற்பட்ட பின்னரே குழு கூடுகிறது. சட்டத்தின் வாசகம் மன வேதனை ஏற்படுத்துவதையும் குற்றமாகவே கருதுகிறது என்பதைப் புதுமுக மாணவர் அறிந்திருத்தல் நன்று.

உதவித் திட்டங்கள்

குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருபவருக்குத் தொழிற்கல்வியில் கல்விக் கட்டணச் சலுகை 2010இல் அறிமுகமானது. இதற்கு வருவாய்த் துறையின் முதல் பட்டதாரிச் சான்றிதழ் தேவை. உடன்பிறந்தவர் எவரும் முன்பே பட்டம் பெற்றிருக்கக்கூடாது. அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு மருத்துவப் படிப்பில் 2020இலும் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 2021இலும் வந்தது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி பயிலும் மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகத்திலும் தொடங்கப்பட்டன. இவற்றுக்கான விண்ணப்பங்கள் கல்லூரி வழியாகவே செல்கின்றன. முதல் வாரங்களில் கல்லூரி அலுவலகத்தில் வருமானம், சாதி, வங்கிக் கணக்கு தொடர்பான சான்றுகளை ஒப்படைக்காதவருக்குத் தொகை வந்துசேர ஒரு பருவம் தாமதமாவதுண்டு. விடுதிக்கட்டணம் அதுவரை காத்திருப்பதில்லை.